இல்லாத கால் நோவுக்கு வந்த மருந்துகள்

மச்சான்,

இன்று காலை லொறியைக் கழுவலாம் என்று இடப்பக்கக் கதவைத் திறந்தேன். எண்ணெய் மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. இரண்டு பயணத்துக்கு முன் ஹபறணைக் காட்டு வழியில் ஒரு யானை குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் இருக்கையில் கிடந்த போத்தல் உருண்டு விழுந்து உடைந்துபோனது. நாட்டு வைத்தியர் காய்ச்சிய எண்ணெய். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய்த் தோல் போட்டுத் தேய்த்தேன். மணம் போகிற பாடாய் இல்லை. களைத்துப்போய் மிதிபலகையிலேயே குந்திவிட்டேன்.

யாருடைய காலுக்கு அந்த எண்ணெய் என்று கேட்பாய். உன்னுடைய காலுக்குத்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகு ஏழு மாதம் உன் காலுக்கு நாடு முழுக்க மருந்து சேர்த்துக்கொண்டு திரிந்தேன். செத்தும் என்னை நீ சும்மா இருக்க விடவில்லை.

நீ போனது நெஞ்சு நோவில். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டாயாம். உன் மனிசி குசினியில் இருந்து கோப்பையோடு வர, நீ கதிரையில் சாய்ந்திருந்தாயாம். பின்நேரத்துக்குள் மூதூர் மையவாடியில் அடக்கமும் முடிந்தது. நானும் மூன்று பிடி மண் போட்டேன். உன் காலுக்கு ஒரு நாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.

பதினைந்தாம் நாள் நான் தனியே லொறியை எடுத்தேன். வாங்கி அடுக்கிய கருவாடு அதற்கு மேலும் காத்திராது. கிண்ணியா தாண்டி, தம்பலகாமத்து வயல்கள் தாண்டி, கந்தளாய்க் குளக்கட்டு வந்ததும் பழக்கத்தில் குணே ஐயாவின் தயிர்க் கடையில் நிறுத்திவிட்டேன். அவர் சட்டியை எடுத்தபடி எட்டிப் பார்த்தார். "நானா கோ?" என்றார். வழி நெடுக எல்லாருக்கும் நீ நானா, அண்ணன்தானே. நானா எங்கே என்று கேட்க அந்த இரண்டு சொல்லும் போதும்.

எனக்குச் சிங்களம் நிறுவைக்கும் பேரத்துக்கும் மட்டும்தான் வரும் என்று உனக்குத் தெரியும். ஆனால் பாஷைமேல் பழியைப் போடமாட்டேன். செத்துப்போனார் என்பதற்கு எனக்குச் சிங்களம் தெரியும். அந்தச் சொல்லை உன்னோடு சேர்க்க வாய் வரவில்லை. காலைத் தொட்டுக் காட்டினேன். "நோவு" என்று முகத்தைச் சுளித்தேன். "வீட்டில்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

குணே ஐயா பதறிப்போனார். அடுத்த பயணத்தில் ஒரு போத்தல் எண்ணெயோடு காத்து நின்றார். குளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து வைத்தியரிடம் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாராம். அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மேலே போனேன். தம்புள்ளைச் சந்தையில் நம்முடைய யாழ்ப்பாணத்து வெங்காயக்காரர் பிடித்துக்கொண்டார். "உந்த எண்ணெய் எல்லாம் வேலைக்காகாது. முருங்கைப் பட்டையை இடிச்சு, சூடாக்கிக் கட்டச் சொல்லுங்கோ" என்று கட்டளை போட்டார். மறுமுறை பட்டையையே உரப்பையில் கட்டித் தந்தார். மாத்தளையில் மிளகுக் கடை அம்மா சாதிக்காய் தந்தார். உரைத்துப் பூச வேண்டுமாம், முருங்கையை நம்பினால் கால் வீங்குமாம். காடு ஒன்று, வெயில் ஒன்று, குளிர் ஒன்று என்று மண் மாற மாற மருந்தும் மாறியது. ஓர் ஊர்க்காரர் மற்ற ஊர் மருந்தை மதிக்கவில்லை. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நீ சொல்வாயே, "ராசா, மலையில உப்பில்ல, கடலில கோவா இல்ல. ரெண்டும் ஒரே ஊரில இரிந்தா எங்களை ஆருடா தேடுவான்?" என்று. கருவாட்டை மலைக்கு ஏற்றி, கோவா, கரட் என்று மலைக் காய்கறியைக் கடற்கரைக்கு இறக்குவதுதானே நம் பிழைப்பு. சண்டையில் சம்பூரை விட்டு நாங்கள் எழும்பி வந்த காலத்தில் என்னிடம் வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. நீதான் என்னை இந்த லொறியில் ஏற்றினாய். ஆற்றுக்குப் பாலம் வராத காலம் அது. பாதை என்கிற அந்த மிதவையில் லொறியை ஏற்றிவிட்டு, சாய்ந்தால் முதலில் கருவாடா நாமா என்று பந்தயம் பிடித்தோம். சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு மூட்டையாய் இறக்கி அவிழ்த்தோம். நீ அவர்களோடு சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டே அவிழ்ப்பாய். நான் வாய் திறக்காமல் கட்டுவேன். உன் கதையை நம்பித்தான் நான் இந்த நாட்டின் மற்றப் பக்கங்களைப் பார்த்தேன். கண்டியாருக்குக் கட்டாக் கருவாடு, தோட்டத்தாருக்கு நெத்தலி என்று ஊர் ஊராய் அவர்கள் நாக்கை நீ அறிந்து வைத்திருந்தாய். இப்போது மூட்டைகளைப் பிரித்து ஏற்றும்போது எனக்கு அடிக்கடி பிழை வருகிறது.

மருந்துகளை என்ன செய்ய? கடலில் எறிய மனம் வரவில்லை. உன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். நாலு மாதம் பத்து நாள் பிற ஆண்கள் முன் வராமல் இத்தாவில் இருந்த உன் மனிசி திரைக்குப் பின்னால் நின்று ஏசினா.

"அவருக்குக் காலில ஒண்டுமே இல்லையே, ராசாண்ணன். மௌத்தான ஆளுக்கு ஆரும் மருந்து கொண்டு வாறதா?"

"சொல்ல ஏலாமப் போயிட்டுது, தங்கச்சி. அடுத்த முறை சொல்லுறன்."

அடுத்த முறையும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த முறையும் இல்லை. ஏசி ஏசி அவ எல்லாவற்றையும் வாங்கி வைத்தா. இத்தா முடிந்து நேரில் கதைக்கத் தொடங்கிய பிறகும் அதே ஏச்சுத்தான். எனக்கோ ஒவ்வொரு பயணமும் இரண்டு பாரம் ஏற்றி இறக்குவது போல் இருந்தது. கருவாட்டைவிடப் பொய் கனத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உன் கால் இன்று எப்படி, வீக்கம் வற்றியதா, ஊன்றி நடக்கிறாயா என்று புதிதாகச் சோடிக்க வேண்டும். போனமுறை வலது காலென்று சொன்னேனா இடது காலென்று சொன்னேனா என்று ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது யோசித்துக்கொண்டே போவேன். அலுத்துப்போனேன், மச்சான்.

ரம்பொடைக்கு மேலே லெச்சுமி அக்கா இருக்கிறா. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பிறகு தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டு நம்முடைய லொறிக்குத் தருகிற மனுஷி. அவ மகளுக்குப் பேறு நோவு கண்ட அன்று மழையில் பாதை சரிந்து வேறு வாகனம் வராதபோது, கோவா மூட்டைகளை இறக்கி எறிந்துவிட்டு நீதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாய். அன்று பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. உனக்குக் கால் நோ என்று கேட்டதும் அவ முதலில் பச்சிலை தந்தா. பிறகு கோயில் திருநீறு தந்தா, "நானா பூச மாட்டாரு, தலகாணிக்கி அடியில வச்சிருங்க" என்று. அதற்கும் உன் கால் சுகமாகவில்லை என்று நான் சொல்ல, தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டா. திருவிழாவில் உன் காலுக்காகத் தீச்சட்டி எடுப்பதாக.

அவவுக்கே முழங்கால் மடங்காது. அந்தத் தேய்ந்த கால்களோடு, எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி, கோயில் வரை மேட்டில் வெறுங்காலோடு ஏறுவாவாம். செத்தவனுடைய காலுக்காக. அதைக் கேட்டபின் எனக்கு உறக்கம் போனது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு லொறியில் பாதிக் கருவாட்டோடேயே மேலே போனேன். அக்கா காப்புக் கட்டி, மஞ்சள் சேலையில் இருந்தா. வெளியே மூடுபனி. குளிருக்கு அவ தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

"அக்கா, தீச்சட்டி எடுக்க வேண்டாம்."

"ஏண்ணே? கெழவியால முடியாதுன்னா?"

"நானாவுக்கு இப்ப கால் நோ இல்லை."

நான் அதை அப்படித் தொடங்கியிருக்கக் கூடாது. அவ முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தா!" என்று கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்தா. "சொகமாயிருச்சா? நடக்குறாரா?"

"இல்லை அக்கா. நானா செத்துப்போனார். ஏழு மாசம்."

எடுத்த கை அப்படியே நின்றது.

"ஏழு மாசமா?"

"ஓம்."

"அப்ப நான் பறிச்சுக் குடுத்த எலையெல்லாம்?"

"வீட்டில இருக்கு, அக்கா."

அவ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னா. "இந்த லயத்துல ஒரு சாவுன்னா நாங்க மலைக்கிப் போக மாட்டோம்ணே. கொழுந்து அன்னிக்கி அப்பிடியே நிக்கும். நானாவுக்கு ஒரு பொழுது கூட நிக்கலியே. அழ வேண்டியத எல்லாம் நீங்க ஒரு ஆளா வச்சிக்கிட்டீங்க. அது ஒங்களோடது மட்டுமா?"

உன்னைச் சாகவிடாமல் வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷி சொன்னபோதுதான் தெரிந்தது, உனக்காக அழக் கூடியவர்களை எல்லாம் தடுத்து வைத்திருந்தேன் என்று.

மறுநாள் காலை அந்த லயத்தில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. கங்காணி வந்து சத்தம் போட்டார். செத்தது யாரென்று தெரிந்ததும் அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் இருந்தார். திருவிழாவன்று அக்கா தீச்சட்டி எடுத்தா. எவ்வளவோ மறித்தேன். "சாமிக்கிட்ட சொன்னது சொன்னதுதாண்ணே" என்றுவிட்டா. நான் தண்ணீர் வாளியோடு பின்னால் நடந்தேன். உன் பெயரைச் சொல்லித்தான் கோயில் வாசலில் இறக்கி வைத்தா.

அங்கிருந்து கீழே இறங்குவதே பெரும்பாடாய் இருந்தது. ஊருக்கு ஊர் உன்னைச் சாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். மாத்தளையில் அந்த அம்மா கடைக் கதவைப் பாதி சாத்தினா. தம்புள்ளையில் வெங்காயக்காரர் என் கையைப் பிடித்தபடி நின்றார், வழக்கமான கட்டளை ஒன்றும் வரவில்லை. கந்தளாயில் குணே ஐயா தன் உடைந்த தமிழில், "ஏன் சொல்ல இல்ல?" என்று கேட்டார். பாஷை இல்லை என்று அங்கேயும் ஒரு சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். "செத்தது சொல்ல பாஷை வேணுமா? உங்கட மூஞ்சி போதும்தானே" என்றார். பிறகு ஒரு தயிர்ச் சட்டியை உன் மனிசிக்கென்று கட்டித் தந்தார்.

பின்நேர அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம் மூதூர் வந்தேன். கடற்காற்றில் உப்பு ஒட்டியது. இனி யாரிடமும் ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை என்ற ஆறுதலோடு, இறக்கி வைத்த சுமைகாரனைப் போல உன் வாசலில் போய் இருந்தேன்.

"எல்லாருக்கும் சொல்லிட்டன், தங்கச்சி. மலை வரைக்கும் சொல்லிட்டன்."

நல்ல காரியம் செய்தீர்கள் என்பா என்று பார்த்தேன். இத்தனை மாதம் ஏசியவ அல்லவா. அவ தயிர்ச் சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. அதில் சுற்றிய கயிற்றை விரலால் நெருடிக்கொண்டே இருந்தா.

"அப்ப இனி அவருக்கு ஒண்டும் வராதா, ராசாண்ணன்?"

ஓம், வராது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்ன உண்மையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் என்னைக் கைவிட்டுவிட்டது, மச்சான். எனக்கு வயது போய்விட்டது, இனி உன்னைக் காவிக்கொண்டு திரிய ஏலாது என்று எத்தனை முறை நினைத்தேன். ஆனாலும் வாய் தன்பாட்டில் திறந்தது.

"கந்தளாயில எண்ணெய் கேட்டுப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். நாளை விடிய லொறி அந்தப் பக்கம்தான் போகிறது.

ராசா