கை வைத்தவர் முதலில் ஏறவும்

ஜூன் 2, 2025, திங்கள்

மாமனார் இன்று காலை பட்டறை வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மைத் திட்டினார். எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறாயே, இது பட்டறையா சத்திரமா என்று கேட்டார். டிரம் எதிர்த்துப் பேசவில்லை. பையன்களுக்கு ஒழுக்கம் வந்துவிட்டது என்ற திருப்தியோடு உள்ளே போனார்.

வயது எழுபத்தேழு. இரண்டு கண்ணிலும் புரை. கொல்லிமலையின் திருப்புலி நாட்டுப் பகுதியிலிருந்து வந்திருக்கும் மரவள்ளிக் கிழங்கு லாரியை நாளை மலையிறக்கி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கப் போகிறவர் இவர்தான்.

ஜூன் 3

பார்த்தார். லாரியோடு திரும்பியும் வந்தார். லாரிக்காரர் மட்டும் பஸ்ஸில் வந்தார்.

ஜூன் 5, வியாழன்

எழுபத்தொன்றாம் வருடப் போரில் மாமா யாரையும் சுடவில்லை. ராணுவ லாரிகளுக்கு பிரேக் பார்த்தார். படை முழுவதும் முன்னேறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, நிற்பதைப் பற்றி யோசித்தவர். அங்கே ஓர் அதிகாரி சட்டம் போட்டாராம்: பிரேக்கில் கை வைத்த மெக்கானிக், அந்த வண்டியின் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும். அன்று முதல் வேலை மிகவும் சுத்தமாக நடந்ததாம்.

ஊர் திரும்பி, கொல்லிமலையில் 'குழந்தைவேல் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' தொடங்கியபோது மாமா போட்ட முதல் சட்டம் இதுதான். சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது: கை வைத்தவர் முதலில் ஏறவும். அரசியல் சாசனத்தை நூறு தடவைக்கு மேல் திருத்தியாகிவிட்டது. இதில் ஒரு புள்ளி மாறவில்லை. கை வைத்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவரும் மாறவில்லை. அதுதான் பிரச்சினை.

நான் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த வரலாற்று ஆசிரியன். இந்த வீட்டில் பெண் எடுக்க முடிவு செய்தேன். அதன்பிறகு முடிவெடுக்கும் வேலை எனக்கு வரவில்லை. இன்று வந்தது.

"ஏனுங்க, அப்பா ஒருநாளைக்கு எல்லாத்தையும் பள்ளத்துல எறக்கிப் போடுவாரு. நீங்க வாத்தியார்தானுங்களே, எடுத்துச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி பானுமதி.

பட்டறையை இப்போது நடத்தும் மச்சான் அண்ணாமலை, சாவியை ஒளித்துப் பார்த்துவிட்டான். மாமா சாவி இல்லாமலே வண்டியைக் கிளப்பினார். ராணுவப் பயிற்சி.

ஜூன் 8, ஞாயிறு

எடுத்துச் சொன்னேன். கண் ஆபரேஷன் செய்துகொள்ளத் தயார் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"கண்ணுல கை வெக்கிற டாக்டரு, முடிஞ்சதும் எங்கூட லாரியில ஏறுவாரான்னு கேட்டுட்டு வாங்க மாப்பிள்ளை."

"அவர் எதுக்கு மாமா ஏறணும்?"

"பார்த்த வேலை சுத்தமுன்னா, ஏற என்னங்க பயம்?"

வாதத்தில் ஓட்டை தேடினேன். இல்லை. இந்தச் சட்டம் பாலம் கட்டும் கான்ட்ராக்டர்களுக்கும் வந்தால் நாடு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூன் 14, சனி

நாமக்கல் போனேன். கண் டாக்டர் சண்முகப்பிரியா, மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பெண். விஷயத்தைச் சொன்னேன். முதலில் என் கண்ணைப் பரிசோதித்தார். பிறகு யோசித்தார்.

"மலை ரோட்டுல எனக்கு வாந்தி வருமுங்க. பரவாயில்லீங்களா?"

மாமாவிடம் போனில் கேட்டேன். கழுவிக்கொள்ளலாம் என்று அனுமதி வழங்கினார்.

ஜூன் 25

நேற்று வலது கண்ணில் ஆபரேஷன். இன்று கட்டுப் பிரித்தார்கள். மாமா என்னை நெடுநேரம் பார்த்தார். "இப்படி நரைச்சுப் போச்சுங்களே மாப்பிள்ளை" என்றார். பெண் கொடுத்ததை மறுபரிசீலனை செய்யும் பார்வை.

ஜூலை 20

சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. பானுமதிக்குக் கை நடுங்குமாம். ஒரு மாதமாக விடுகிறேன். இன்றுதான் உறைத்தது — நானும்தானே கண்ணில் கை வைத்திருக்கிறேன்? ஐயோ.

ஜூலை 27, ஞாயிறு

டாக்டர் சொன்ன சொல் தவறாமல், பிளாஸ்டிக் பையோடு வந்துவிட்டார். பிரேக் பார்த்தவன் என்று அண்ணாமலை ஏறினான். சொட்டு விட்டவன் என்று நான் ஏற்றப்பட்டேன். பானுமதி நான்கு பேருக்கும் விபூதி பூசினாள். மீதியை டயருக்குப் பூசினாள்.

முதல் வளைவு. மேகம் இல்லாத காலை. அடிவாரம் வரை பளிச்சென்று தெரிந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி பிரேக்கை மிதித்தார். லாரி சுவர் மாதிரி நின்றது. டாக்டர் பையைப் பிரித்தார்.

"ஏனுங்க, இங்க இவ்வளவு பெரிய பள்ளமுங்களா? எப்ப வெட்டுனாங்க?"

அண்ணாமலைதான், மலை இருக்கிற நாளிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது என்றான். புரை இத்தனை வருடமாகப் பள்ளத்தைப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறது. மாமா மெல்ல இறங்கினார். பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். சாவியை அண்ணாமலையிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டு சாமி. பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது."

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று ஒரு மிளகு லாரி. அண்ணாமலை ஓட்டினான். நட்டு ஒன்றை முடுக்கிய குற்றத்துக்காக மாமாவும் ஏறினார், இடது பக்க சீட்டில். நல்லபடியாகத் திரும்பி வந்து காபி கேட்டார். பானுமதி டம்ளரை நீட்டிக்கொண்டே, அடுத்த மாதம் இடது கண்ணையும் செய்துவிடலாமா என்று கேட்டாள்.

"அது அப்படியே இருக்கட்டும் சாமி" என்றார். "பள்ளம் அந்தப் பக்கமாத்தான் வருது."