முள்கிளையில் ஏறி வந்தவர்

அன்பு மகள் சிக்னேவுக்கு, ந்துலி வீட்டு பெகிஸிஸ்வே சொல்லி அனுப்புவது. உன் பனி தேசத்தில் கர்த்தர் உன்னைச் சூடாக வைத்திருக்கட்டும். எனக்கு எழுத்து தெரியாது. பேச்சு என்னுடையது, கை பக்கத்து வீட்டு நர்ஸ் தண்டேகாவுடையது.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். உன் அப்பா ஹால்வர் பாதிரியாருக்கு நகரத்து வெள்ளைக்காரர் கோயிலில் நினைவுக்கல் நாட்டுகிறார்களாம். நீ திரையை விலக்க வேண்டுமாம், நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். நான் வரமாட்டேன் மகளே. நீயும் அந்தத் திரையைத் தொடாதே.

அதே கோயிலில்தான், மாஜிஸ்திரேட் மனைவி குடித்த நற்கருணைக் கிண்ணத்தை உன் அப்பா என் வாயருகே நீட்டினார். மூப்பர் ஃபூரி எழுந்து, “ஐயரே, கறுப்பு ஆளுங்களுக்குத்தான் தனிக் கிண்ணம் இருக்கே” என்றார். “அப்ப ரெண்டு இயேசுவையும் கொண்டாங்க” என்றார் உன் அப்பா. அடுத்த ஞாயிறு கதவில் புதுப் பூட்டு. அதற்குப் பிறகு சாகும்வரை எங்கள் மாட்டுப்பட்டியில்தான் பிரசங்கம். இன்று கல்லில் ‘எங்கள் மேய்ப்பர்’ என்று வெட்டச் சொன்னது அந்த ஃபூரியின் மகன்.

எங்களோடு புதைக்கச் சொல்லித்தான் கண்ணை மூடினார். அந்தக் கோயில்காரர்கள் உடலைத் தூக்கிப்போய் வெள்ளைக்காரர் கல்லறையில் போட்டார்கள். நாங்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்று பாடினோம்.

வெளியூரில் கிடக்கும் இறந்தவரின் ஆவியை முள்மரக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் வழக்கம். கிளையைச் சுமப்பவன் வழியில் உயிருள்ள யாரோடும் பேசக் கூடாது. அந்தக் கல்லறையில் உன் அப்பாவைக் கூப்பிட்டு ஏற்றிய கிளையோடு நான் வெளியே வரும்போது காவலாளி, “டேய், விறகு பொறுக்கவா வந்தே?” என்று முதுகில் தடியால் போட்டான். “படி இறங்குறோம் ஐயரே, பாத்து வாங்க” என்று உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன்.

பஸ்ஸில் என் மனைவி ஒரு டிக்கெட் கூடுதலாகக் கேட்டாள்.

“கிளைக்கு எதுக்கு அக்கா டிக்கெட்டு?” என்றான் டிரைவர்.

“கிளைக்கில்ல தம்பி, வெள்ளைக்காரப் பாதிரியார் வர்றாரு.”

“ஐயோ, கறுப்பு ஆளுங்க பஸ்ல வெள்ளைக்காரரா? என்னையில்ல ஜெயில்ல போடுவான்!”

பஸ்ஸே சிரித்தது. ஒரு கிழவி எழுந்து, “ஜன்னலோரமா உக்காருங்க ஐயரே, காத்து வரும்” என்று இடம் விட்டாள்.

அன்றிலிருந்து அவர் எங்கள் பட்டியில்தான் இருக்கிறார். அந்தக் கல்லறையில் யாரும் இல்லை. அதை ஃபூரியின் மகனிடம் சொல்லாதே. பூ வைத்துக்கொண்டே இருக்கட்டும்.

கடல் தாண்டி வருகிறவள் நேரே இங்கே வா. உன் பிரயாணத்தில் கர்த்தர் கூட வரட்டும். நீ வருவதாக அவரிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் அப்பாவின் சிநேகிதன்,
பெகிஸிஸ்வே ந்துலி