தும்மலுக்கு ஒரு நூறு

தம்பி,

இன்று காலை போடியிலிருந்து இலவம்பஞ்சு மூட்டை வந்து இறங்கியது. வாயைப் பிரித்ததும் அந்தக் காய்ந்த வாசனை கடை முழுக்க ஏறியது. வழக்கம்போல மூக்குக்குள் எறும்பு ஊர்ந்தது, வழக்கம்போலத் தும்மினேன். தும்மிவிட்டுக் கையில் பஞ்சோடு அப்படியே நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. நீ "நூறு" என்று சொல்வதற்காக நின்றிருக்கிறேன்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். வெள்ளிமலை சின்னபொண்ணு அக்காவுக்கு நீ ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதியில் போனாயே, அது என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் கடைக்கு வந்தது ஒரு தலையணை வாங்க. எதிர் உரக்கடையில் யூரியா மூட்டை எண்ணுகிற பிள்ளை என்ற அளவில்தான் உன்னைத் தெரியும். பின்கட்டில் மெத்தைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய்க் கையைத் தட்டினாய். காதைச் சாய்த்துக் கேட்டாய். மறுபடியும் தட்டினாய். வெயிலில் மூட்டை தூக்கித் தூக்கிப் பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா, இங்க சத்தம் செத்துப்போவுதுக்கா" என்றாய், புதையல் கண்டவன் மாதிரி.

கடை திறந்த நேரத்தில் இது என்ன பேச்சு என்று நான் பிடித்த பிடியில், நீ உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாயிற்று. சினிமாவைப் பற்றிப் பேசி வீடியோ போடுகிறாயாம். வீட்டில் பேசினால் மிக்சியும் குழந்தையும். ரோட்டுப் பக்கம் போனால் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள். கள்ளக்குறிச்சியிலேயே சத்தம் நுழையாத இடம் என் மெத்தைக் கடைதானாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, நன்றாக இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதானே என்று கேட்டேன். நீ கைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாய். ஏதோ ஒரு படத்தில் சந்தைக்குள் சண்டை. கதாநாயகன் பறந்து பறந்து அடிக்கிறான். நீ அவனை விட்டுவிட்டு, பின்னால் தள்ளுவண்டியோடு நிற்கும் ஒருவரைக் காட்டினாய். முதல் அடி விழுவதற்கு முன்பே அவர் அவசர அவசரமாக வாழைப்பழச் சீப்புகளை எடுத்து வண்டிக்கு அடியில் வைக்கிறார். அது அவருடைய சொந்தப் பழம் என்றும், சண்டை வரப்போவது அந்தச் சந்தையிலேயே அவருக்கு மட்டும்தான் முன்கூட்டித் தெரிந்திருக்கிறது என்றும் நீ சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். தியேட்டருக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே குறட்டை விடுகிறவள், அன்றைக்குக் கடைசி வரை கண்ணை மூடவில்லை.

"முன்னாடி நிக்கறவங்கள பாக்க ஊரே இருக்குது. நாம பின்னாடி நிக்கறவங்கள பாப்போம்." என் கடைக்கு வந்த பிறகு உன் ஒவ்வொரு வீடியோவும் இப்படித்தான் தொடங்கும். அதை நீ முதலில் சொன்னது என் பஞ்சுக்கு நடுவில்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்புறம் என் கடையில் வந்து பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மினி லாரியில் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீ உரக்கடையிலிருந்து ஓடி வருவாய். ஷட்டரைப் பாதி இறக்கி, மின்விசிறியை நிறுத்தி, நாலு மெத்தையைச் சுற்றி நிறுத்திவைத்து அதற்குள் குந்திக்கொள்வாய். சித்திரை வெயிலில் விசிறியும் இல்லாமல் நீ பேசிவிட்டு வெளியே வரும்போது குளித்தவன் மாதிரி இருப்பாய். வாசலில் காவல் என் வேலை. யாராவது மெத்தை விலை கேட்டால் சைகையிலேயே பதில் சொல்வேன். ஊமை என்று நினைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

முதல் நாளே நீ "வணக்கம்" என்று வாயைத் திறந்ததும் நான் தும்மிவிட்டேன். நல்ல காரியம் தொடங்கும்போது தும்மலா என்று எனக்குப் பதறியது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பேசு என்று சொல்ல எழுந்தேன். நீ பேச்சை நிறுத்தாமல், பெற்ற பிள்ளை தும்மினால் தாய் சொல்வாளே, அதே மாதிரி "நூறு" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு மேலே போய்விட்டாய். என் அம்மாவுக்குப் பிறகு என் தும்மலுக்கு ஆயுசு சொன்ன ஆள் நீதான்.

அதை வெட்டிவிட்டுத்தான் போடுவதாக இருந்தாய். அன்றைக்கென்று உர லோடு வந்து இறங்க, அவசரத்தில் அப்படியே ஏற்றிவிட்டாய். மறுநாள் பார்த்தால், நீ மெனக்கெட்டுப் பேசியதை எல்லாம் விட்டுவிட்டு, யார் அந்தத் தும்மல் என்று கீழே ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். அடுத்த வீடியோவுக்கு நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு வந்ததெல்லாம் புகார். தும்மலைக் காணோமே, அவர்களுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான் அடக்கவும் இல்லை, நீ வெட்டவும் இல்லை. நான் தும்ம, நீ நூறு சொல்ல, பார்க்கிறவர்களும் கீழே வரிசையாக "நூறு" என்று எழுதுவார்கள். அம்மா போனதிலிருந்து தனக்கு யாரும் இதைச் சொல்வதில்லை, உங்கள் வீடியோவில் கேட்கத்தான் காத்திருக்கிறேன் என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்ததை உன்னை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சின்னபொண்ணு அக்காவைக் கண்டுபிடித்தது உன் கடைசி வேலை. கல்வராயன் மலையில் எப்போதோ எடுத்த ஒரு பாட்டுக் காட்சி. ஜோடி ஓடையோரம் ஆடிக்கொண்டிருக்க, பின்னால் மேட்டில் விறகுச் சுமையோடு ஒரு பெண் நின்று, ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு, வாய் பிளந்து ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கிறாள். படத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. இவளைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று நீ கேட்டாய். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் ஒருவர், அது எங்கள் பெரியம்மா என்று எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மினி லாரியிலேயே கிளம்பினோம். என் வீட்டுக்காரர் ஓட்ட, நீ நடுவில், நான் ஜன்னலோரம். கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். மலைப்பாதையில் கார் துரத்தும் காட்சிகளைப் பற்றி அரை மணி நேரம் வீடியோ போட்டவன், மூன்று வளைவு திரும்புவதற்குள் என்னை நகரச் சொல்லித் தலையை வெளியே நீட்டினாய். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

சின்னபொண்ணு அக்கா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்களுக்கு யார் காட்டினார்கள் என்று கேட்டார். நீ மடிக்கணினியைத் திறந்து காட்டினாய். தன்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சிரிப்பு. சுமையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் அழகாக இருந்திருப்பேன் என்றார். அப்புறம் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய், ஓரத்தில் கறுப்பாகத் தெரிந்த எதன் மேலோ விரலை வைத்தார்.

"இதோ கல்லு மேல குந்திகினு இருக்குதே, இது எங்கம்மா."

நீ அந்தக் காட்சியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தவன். அதைப் பாறையின் நிழல் என்று நினைத்திருந்தாய். அந்த அம்மா போய்ப் பல காலம் ஆகிறது. ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

"எங்கம்மா மூஞ்சிய நெனச்சா இப்பல்லாம் என் மூஞ்சிதான் வருது. கொஞ்சம் வெளிச்சம் போட்டு காட்ட முடியுமாப்பா?" என்று கேட்டார்.

காட்டுகிறேன், நானே கொண்டு வந்து காட்டுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாய். இறங்கும்போது மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாய். வாந்தி பயம் என்று நினைத்தேன். அணை கண்ணில் பட்டபோதுதான் சிரித்தாய். "பின்னாடிக்கும் பின்னாடி ஒருத்தர் இருக்காங்கக்கா" என்றாய்.

அந்த வாரமே என் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தாய், முடிவைத் தவிர. சின்னபொண்ணு அக்கா தன் அம்மாவைப் பார்த்த பிறகுதான் அதைப் பேச வேண்டும் என்றாய். அதற்குள் ஒரு பகலில், உரக்கடையிலேயே உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

உன் சாவுக்குச் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் மாலையோடு வந்து இறங்கினார்கள். மூட்டை எண்ணுகிற பையனுக்கு இத்தனை பேரா என்று உன் முதலாளி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். எனக்கு அப்போது வந்தது கோபம். எனக்கு அத்தனை நூறு சொன்னாயே, உனக்கென்று அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா? நாற்பதுகூட ஆகவில்லையே உனக்கு. அழுகைக் காட்சி வந்தால் அழுகிறவரைப் பார்க்காதீர்கள், டீ கொண்டு வருகிறவரைப் பாருங்கள் என்பாய். பார்த்தேன். டீ கொடுத்துக்கொண்டிருந்த உன் மைத்துனனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

வந்தவர்களில் ஒருத்தி கலைவாணி. திருக்கோவிலூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிற பெண். காரியம் முடிந்த பிறகு என் கடைக்கு வந்து, அந்தத் தும்மல் நீங்கள்தானே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை உன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். உன் மனைவி கணினியையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். "அவரு குரல இப்ப என்னால கேக்க முடியாதுக்கா. ஆனா அந்தம்மா காத்துகினு இருப்பாங்க. நீங்க முடிச்சிடுங்க" என்றாள்.

சேலத்து ரசிகர் ஒருவர் அந்தப் படத்தின் தெளிவான பிரதியை எங்கோ தேடிப் பிடித்து அனுப்பினார். கலைவாணி கல்யாண வேலைகளுக்கு நடுவில் அந்த இருட்டை ராப்பகலாகத் துடைத்தாள். துடைத்து முடித்து என்னிடம் காட்டியபோது, கல்லின் மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைச் சுற்றி இதய வடிவத்தில் சட்டம் போட்டு, மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டிக்கொண்டிருந்தன. யாருக்குத் தாயி கல்யாணம் என்று கேட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பூவை எல்லாம் எடுத்தாள். நீ இருந்திருந்தால் அந்தப் பூவை அப்படியே விட்டிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது.

மிச்சம் இருந்தது முடிவு. நீங்கள்தான் பேச வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். தும்முவதைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று தப்பிக்கப் பார்த்தேன். உன் ரசிகர்களில் ஒருவர்கூட என் பக்கம் நிற்கவில்லை. கடைசியில் நாலு மெத்தையை நிறுத்தி நானே உள்ளே போய்க் குந்தினேன். உள்ளே எவ்வளவு புழுக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வணக்கம். நான்தான் அந்தத் தும்மல். இத்தினி நாளா பின்னாடி இருந்தவ. தம்பி கடைசியா நம்மள பாக்கச் சொன்னது இந்த அம்மாவத்தான். நல்லா பாத்துக்குங்க." இவ்வளவுதான் பேச வந்தது. பேசி முடித்ததும் தும்மல். அதற்குப் பிறகு அந்த மெத்தைக்குள் இருந்த அமைதி மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை. அதை வெட்டிவிடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சரி என்று தலையாட்டினாள்.

போன மாதம் மறுபடியும் வெள்ளிமலைக்கு ஏறினோம். இந்தத் தடவை நடுவில் கலைவாணி. நீ இல்லாத செய்தியை ஜீப்காரர் முன்பே சொல்லியிருந்தார். சின்னபொண்ணு அக்கா குளித்து, புதுப் புடவை கட்டி, டிவிக்கு முன்னால் இடம் ஒழித்து வைத்திருந்தார். முன்னாடி நிற்கிறவர்களைப் பார்க்க ஊரே இருக்கிறது என்று உன் குரல் வந்தது. ஓடை வந்தது, விறகுச் சுமை வந்தது, பிறகு திரை மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது. பாறை மேல் ஒரு பெண், கன்னத்தில் கை வைத்து, மகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷூட்டிங்கை அவள் பார்க்கவே இல்லை.

அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். "மூக்குத்தி போட்டுகினு இருக்குது. நான் மறந்தே போயிட்டேன்" என்றார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் என் குரல். கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் தும்மல் அப்படியே வந்தது. வெட்டச் சொன்னேனே என்று கலைவாணியை முறைக்கத் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்காமல் டிவியையே பார்த்தாள்.

"நூறு" என்றாய் நீ.

எந்தப் பழைய வீடியோவிலிருந்து எடுத்தாளோ தெரியாது. சரியாகத் தும்மலின் வால் முடிகிற இடத்தில், பேச்சு கெடாமல், எப்போதும் சொல்வது மாதிரியே சொன்னாய். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை. சின்னபொண்ணு அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"சொன்ன மாதிரியே வந்துட்டுது பாரு அந்தப் புள்ள" என்றார்.

வீடியோவை ஏற்றியாகிவிட்டது. கீழே ஊர்ப்பட்ட நூறுகள், துபாய்க்காரருடையதும் சேர்த்து. உன் மனைவி இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் போடச் சொல்லிக் கேட்டாள், மறுபடியும் போடச் சொன்னாள். நான் இப்போதெல்லாம் தியேட்டரில் தூங்குவதில்லை. கதாநாயகன் வந்தால் அவன் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன், கதை புரியாமல் வீட்டுக்கு வருகிறேன்.

இன்று காலை தும்மிவிட்டு நின்றேன் என்றேனே, வெகுநேரம் நிற்கவில்லை. கடையில் யாரும் இல்லை. நானே "நூறு" என்று சொல்லிக்கொண்டேன். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் செல்லுமோ செல்லாதோ, எனக்குத் தெரியாது. செல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ கொடுத்தது நிறையக் கைவசம் இருக்கிறது. பஞ்சை அடைக்க உட்கார்ந்துவிட்டேன்.

உன் மெத்தைக் கடை அக்கா