ஊர் பார்க்கப் போன இரண்டு பெண்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது பற்றி

அனுப்புநர்:
இ. செண்பகவல்லி,
தோல் பைப் பட்டறைத் தொழிலாளி,
கிணற்றுச் சந்து, தாராவி, பம்பாய்.

பெறுநர்:
பஸ் போக்குவரத்துப் புகார்ப் பிரிவு அதிகாரி அவர்கள்,
பம்பாய்.

பொருள்: 6-8-1967 ஞாயிறன்று கண்டக்டர் செய்த அக்கிரமமும், அதை மூடி மறைத்து எழுதிய தங்கள் அலுவலகக் கடிதமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் இரண்டாவது மனு. முதல் மனுவைத் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருபவரிடம் சொல்லி இங்கிலீஷில் எழுதுவித்தேன். "இறக்கிவிட்டார்" என்று நான் சொன்னதை அவர் "இறங்கும்போது விழுந்தார்" என்று எழுதிவிட்டார். ஆகையால் இதை நானே தமிழில் எழுதுகிறேன். தமிழ் தெரிந்தவர் தங்கள் அலுவலகத்தில் இல்லை என்று தாங்கள் சொல்வதற்கில்லை. அதன் விவரம் ஐந்தாம் பாராவில் உள்ளது.

2. நானும் சாயிரா பீவியும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம். அவள் கால்மிஷினில் பை தைப்பவள். நான் உள்துணிக்குப் பசை தடவுபவள். பம்பாய்க்கு வந்து ஆறு வருஷமாகியும் குழாயடி, பட்டறை, வீடு தவிர எதையும் அறியாதிருந்தோம். இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும், மாதம் ஒரு ஞாயிறு ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்று சாயிராதான் முடிவு செய்தாள். மாஹிம் கடலுக்கு நடந்தே போய்விடலாம் என்பதைக்கூட அப்புறம்தான் கண்டோம். மாட்டுங்காவுக்கு நடந்தோம். செம்பூருக்குப் பஸ்ஸில் போய், வழி தவறி, வெயிலில் அலைந்து, சிரித்துக்கொண்டே திரும்பினோம். யாருக்கும் எந்த இடைஞ்சலும் செய்யவில்லை.

3. மேற்படி ஞாயிறன்று கேட்வே ஆஃப் இந்தியா பார்ப்பதற்காக சயானில் பஸ் ஏறினோம். நல்ல மழை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தோம். தாதர் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாயிரா அந்த இடத்தின் பெயரைக் கண்டக்டரிடம் கேட்டு வந்தாள். நான்காம் முறை கேட்டபோது, என்ன வேலையாகப் போகிறோம் என்று அவர் கேட்டார். "காம் ஒண்ணும் இல்ல பாய், சும்மா பாக்கத்தான் போறோம்" என்றாள். மதராஸிகள் வேலையைப் பறித்தது போதாமல் வேடிக்கை பார்க்கவும் வந்துவிட்டார்கள் என்று அவர் பஸ் முழுவதும் கேட்கும்படி இந்தியில் சொல்லி, "சலோ, உத்தரோ!" என்று இறங்கச் சொல்லி எங்களை எழுப்பினார். சிலர் சிரித்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

4. பைகுல்லாவுக்குச் சமீபத்தில், நிறுத்தமே இல்லாத இடத்தில், பஸ் மெதுவாயிற்று. சாயிரா வலது காலைத் தரையில் வைத்தாள். இடது கால் படியிலேயே இருந்தது. கண்டக்டர் மணியடித்தார். "எக்கா!" என்ற சத்தம் மட்டும் என் காதில் விழுந்தது. படியில் நின்ற என்னைப் பஸ் அடுத்த நிறுத்தம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மழையில் நான் திரும்பி ஓடிவந்தபோது, மீன் விற்கும் அம்மாள் ஒருவர் தமது காலிக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் சாயிராவின் காலைத் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மராத்திக்காரர். எங்களால் படிக்க முடியாத மராத்தி எண்ணைப் பார்த்து வைத்து, பஸ் நம்பரைச் சொன்னவரும் அவரே. ஆகையால் இதைப் பாஷைச் சண்டை என்று தாங்கள் ஒதுக்கிவிட வேண்டாம். இது தங்கள் சிப்பந்தி ஒருவர் செய்த குற்றம்.

5. முதல் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், சாயிரா "அவசியமான அலுவல் ஏதுமின்றி" பிரயாணம் செய்ததாகவும், தானே அவசரப்பட்டு இறங்கியதாகவும் எழுதியிருந்தது. செப்டம்பர் 11-ம் தேதி, ஒரு நாள் வேலையை விட்டு, தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை நின்றேன். ஷ்யாமளா என்று மற்றவர்கள் கூப்பிட்ட குமாஸ்தா அம்மாளிடம் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். தமக்குத் தமிழ் வராது என்று இந்தியில் சொன்னார். நான் திரும்பி நடக்கையில் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "தாராவிலேர்ந்து கிளம்பி வந்துடறதுகள். தோல் நாத்தம் ஃபைல்லகூட ஒட்டிண்டுடும்" என்றார். நல்ல தமிழ்தான். இந்த மனுவைத் தங்களுக்குப் படித்துக் காட்டும் பொறுப்பை அவரிடமே கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாராவையும் விடாமல் படிக்கச் சொல்லவும்.

6. சாயிராவின் கணுக்கால் எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. மிஷினை மிதிக்க அவளால் முடியவில்லை. பட்டறைக்காரர் அவளைப் பசை தடவ உட்கார்த்திவிட்டு, அவளுடைய மிஷினை எனக்குக் கொடுத்துவிட்டார். தையல் அறியாத எனக்கு அவளே பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறாள். நான் மிதிக்கும்போது அவள் என் காலைப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினாலும் தங்கள் அலுவலகப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்காது.

7. நான் கேட்பவை இவை. அந்தக் கண்டக்டரை எங்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். "அவசியமான அலுவல் ஏதுமின்றி" என்ற சொற்களை நீக்கி, வேறு கடிதம் சாயிரா பெயருக்கு வர வேண்டும். தங்கள் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சௌபாத்திக் கடற்கரைக்குப் போனால், என்ன அலுவல் என்று அவர்களை எந்தக் கண்டக்டர் கேட்கிறார்?

8. வருகிற 8-ம் தேதி ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் சயானில் அதே தடத்துப் பஸ்ஸில் ஏறுவோம். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பைகுல்லாவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்கிறாள். அவளுக்கு ஏறவும் இறங்கவும் நேரம் பிடிக்கும். அதுவரை பஸ் நிற்கும்படி உத்தரவு செய்ய வேண்டுகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
இ. செண்பகவல்லி

சாட்சி: சாயிரா பீவி, இடது கைப் பெருவிரல் ரேகை

இடம்: தாராவி
தேதி: 3-10-1967