ட்ரவுசர் காலில் அரிசி இறக்கிய அப்பாவுக்கு

அன்பான அப்பாவுக்கு, நிக்கலின் தோழருக்கு, எங்கள் வீட்டு அரிசி டிரம்மின் மேற்பார்வையாளருக்கு,

நம் தெருக்காரர்கள் போடும் ஆண்டு மலருக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதை ஊரே படிக்கும். ஊர் பார்க்கத்தானே உங்களைக் கிண்டல் செய்தேன், ஊர் பார்க்கவே இதையும் எழுதலாம் என்று தோன்றியது. மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மலையாளம்தான். தமிழ் எழுத்து நீங்கள் சொல்லிக்கொடுத்தது. ல, ள, ழ எங்காவது இடம் மாறியிருந்தால் பழி வாத்தியார் மேல்தான்.

உங்களைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்குப் போன ஆலையில் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். வாயுவையும் நீராவியையும் கலந்து, உலைக்குள் நிற்கும் உயரமான குழாய்கள் வழியே விடுவார்கள். குழாய்க்குள் நிக்கல் ஏற்றிய குட்டிக் குட்டி மணிகள், ஓட்டை போட்ட சீடை மாதிரி நிறைந்திருக்கும். அவை இருந்தால்தான் வாயு பிரிந்து ஹைட்ரஜன் வரும். பாடப் புத்தகத்தில் இதற்கு வினையூக்கி என்று பேர். வீட்டில் வினையை ஊக்க ஏற்கெனவே நான் ஒருத்தி இருந்ததால், நீங்கள் கேட்டலிஸ்ட் என்றே சொல்வீர்கள்.

சில வருடங்களுக்கு ஒருமுறை ஆலையை நிறுத்திப் பழைய மணிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை நிரப்புவார்கள். அந்த ஷட்டவுன் வேலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் மேஸ்திரி நீங்கள். மேலிருந்து அப்படியே கொட்டினால் மணிகள் உடைந்து தூளாகிவிடும். நீளமான துணி உறையில் போட்டு, அடிவரை இறக்கி, மெல்ல அவிழ்த்துவிட வேண்டும். மணிகள் சிக்கிக்கொண்டு நடுவில் வெற்றிடம் விழுந்தால், ஆலை ஓடும்போது குழாய் அந்த இடத்தில் சூடேறிச் சிவக்கும். அதனால் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி நிரப்புவீர்கள். அதற்கப்புறம் கருவி வைத்து ஒவ்வொரு குழாயையும் அளப்பார்கள்.

அந்தத் தூள் உடம்புக்கு ஆகாது என்று ஒரு மணியைக்கூட நீங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. பழக்கத்தை மட்டும் கொண்டு வந்தீர்கள்.

பஜார் ரோட்டிலிருந்து அரிசி மூட்டை வந்ததும் ஆரம்பித்துவிடும். பழைய காக்கி ட்ரவுசரின் ஒரு காலை வெட்டி, அதில் அரிசியை நிரப்பி, தகர டிரம்மின் அடிவரை இறக்கி அவிழ்ப்பீர்கள்.

"இது அரிசியா, உங்க நிக்கலா?" என்பார் அம்மா.

"ரெண்டும் விழுந்தா உடையும். நீ சாயாவை எடு."

பிறகு டிரம்மைத் தட்டுவீர்கள். உடனே அடுக்களையில் மிக்ஸி நின்றுவிடும். கரண்ட் போய்விட்டது என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் வைத்துத்தான் தெரு விழா மேடையில் என் 'நிக்கல் அண்ணாச்சி' மிமிக்ரி. கால்களை அகட்டி நடப்பது, பலாப்பழம், ஃபிரிட்ஜ், விழாத் தலைவரின் மண்டை என்று எதிரே வருவதையெல்லாம் தட்டுவது, நடுநடுவே மூக்கைச் சொறிவது. நீங்களே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். "எல்லாம் சரி, மூக்கு மட்டும் கள்ளக்கணக்கு, நான் எங்கே சொறிஞ்சேன்?" என்றீர்கள். எனக்கு அதுவே பெரிய கைதட்டல்.

போன மழைக்காலத்தில் வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்ததுண்டு.

இந்த வருட விழாவுக்கு "ஒரு நினைவுக்கு அண்ணாச்சி ஐட்டம் போடு மோளே" என்று கேட்டார்கள். நினைவுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது அப்பா. நீங்கள் இல்லாத வீட்டிலிருந்து பத்து நிமிடம் வெளியே வர வேண்டியிருந்தது. போட்டேன். கூட்டம் உருண்டு சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தார். சிரிக்கிறார் என்று நினைத்து, இன்னும் இரண்டு தடவை மூக்கைச் சொறிந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டார். "அப்பா மாதிரி ஒருக்கா பேசு டீ. மேடையில பேசினது வேண்டாம். வீட்ல பேசற மாதிரி."

வாயைத் திறந்தேன். நிக்கல் அண்ணாச்சி வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் அவரே வந்தார்.

"போதும் டீ," என்றார் அம்மா. "இது நீ உண்டாக்கின ஆளு."

உங்கள் குரல் எங்கும் இல்லை. ஆலைக்குள் போன் கூடாது என்பதால் உங்களுக்குப் போனே பிடிக்காது. கூப்பிட்டால் "ஆ, வை" என்பீர்கள். மாமா கல்யாண வீடியோவில் பாயசம் குடிக்கிறீர்கள், பேசவில்லை. அம்மாவுக்கு மிச்சம் இருந்தது என் தொண்டைதான். அதையும் நான் சிரிப்புக்கு விற்றுவிட்டிருந்தேன். அம்மா திட்டியிருந்தால் ஏதாவது வார்த்தை விளையாட்டு காட்டித் தப்பித்திருப்பேன். அவர் வெங்காயத்தையே அரிந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கூடவே வேலை பார்த்த ஜோசப் சேட்டன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

"மோளே, அந்த நடை கொள்ளாம், நல்லாயிருந்துச்சு. பக்ஷே ஒண்ணு குறையுது. தட்டினதுக்கு அப்புறம் அண்ணன் என்ன செய்யும்?"

"அடுத்த குழாய்க்குப் போவாரு."

"இல்ல. கையைத் தூக்கிட்டு நிக்கும். நாங்க எல்லாரும் வாயை மூடுவோம். மணி இறங்கற சத்தம் கேட்குதான்னு காது கொடுக்கும். பின்னதான் அடுத்தது. நீ அதை விட்டுட்டே."

"மேடையில சும்மா நின்னா கூவுவாங்க, சேட்டா."

"அதும் சரிதான்," என்று சாயாவைக் குடித்தார்.

நீங்கள் நின்றதை நான் பார்த்ததே இல்லையா, பார்த்தும் சிரிப்பு வராது என்று விட்டுவிட்டேனா? எனக்கே தெரியவில்லை.

செய்தி ஒன்று. எரிவாயுவிலிருந்து எடுத்தால் சாம்பல் ஹைட்ரஜன், வெளிவரும் கரியமில வாயுவைப் பிடித்துவைத்தால் நீலம், சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் பச்சை என்று வகுப்பில் பாடம் நடந்தது. "நிறமே இல்லாத வாயுவுக்கு இத்தனை பெயிண்டா?" என்று கேட்டேன். சாரே சிரித்துவிட்டார். அது உங்கள் ஜோக். முதல் தடவையாக எழுந்து நின்று, "இது எங்க அப்பா சொன்னது" என்றேன். காது சூடாகிவிட்டது. எல்லாம் பச்சையாகிவிட்டால் ஜோசப் சேட்டன் எதைத் தட்டுவார், அப்பா?

போன வாரம் மூட்டை வந்தது. நீங்கள் போனதிலிருந்து அம்மா நேரே டிரம்மில் கொட்டிவிடுவார். உங்கள் துணிகளையெல்லாம் கொடுத்துவிட்டார். ட்ரவுசர் கால் மட்டும் ஆணியில் தொங்குகிறது. அதை எடுத்தேன். நிரப்பினேன், இறக்கினேன், அவிழ்த்தேன். பாதி அரிசி தரையில். டிரம்மைத் தட்டினேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

மிக்ஸி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்க்காமல், சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தார். நான் பேசவில்லை, பேசினால் அவர் வந்துவிடுவார், அந்த அண்ணாச்சி. டிரம்முக்குள் அரிசி சரிந்து இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது அடங்கும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

"ம், உட்கார்ந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி மிக்ஸியைப் போட்டார்.

அடுத்த வருடமும் மேடை ஏறுவேன் அப்பா. தட்டுவேன், கையைத் தூக்குவேன், அரிசி இறங்கி அடங்கும் அளவுக்கு நிற்பேன். கூவுகிறவர்கள் கூவட்டும். மூக்கைச் சொறிய மாட்டேன்.

உங்கள் வீட்டு வினையூக்கி,
முருகேசன் மகள் செல்வி
மட்டாஞ்சேரி