பிஸ்கட் டின்னில் இருந்த ஓர்க்கிட்

சேசு மரி சூசை துணை

அக்கரப்பத்தனை
25.5.1956

அன்பு மகள் இசபெல்லுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மன்னாரில் கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தில் நீயும் அப்படியே இருக்க இரண்டு வேளையும் மன்றாடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடுதான் கொழுந்து பறிக்கப் போகிறாள். மழை விடவில்லை. இந்தத் தாளைக் காலையிலிருந்து மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன், மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஆகையால் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பங்களாத் துரைசானி குப்பையில் எறிந்த ஓர்க்கிட் செடியை நீ எடுத்து வந்து பிஸ்கட் டின்னில் வைத்தாயே, அது டின்னை நிறைத்து, வேரெல்லாம் வெளியே வந்து நம் லயத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. தகரமும் துருப்பிடித்து அடி கழன்றுவிட்டது. பங்களாத் தோட்டக்காரன் மூக்கனைக் கேட்டேன், மண் போட்டால் அழுகிவிடும், கரியும் செங்கல் துண்டும் போதும் என்றான். ஞாயிறு பூசை முடிந்து வந்து டின்னை வெட்டி, வேரை நனைத்துச் சுவரிலிருந்து மெல்லப் பிரித்து, ஓட்டைச் சட்டிக்கு மாற்றினேன். அதுவரை சரி. நடுவில் ஒன்று மட்டும் ஒல்லியாக நீட்டிக்கொண்டு நின்றது. இருபது வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய கை சும்மா இருக்குமா, வீண் குச்சி என்று ஒரே வெட்டு. விறகோடு சேர்த்து அள்ள வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நுனியில் நாலு மொட்டு.

உன்னைக் கேட்காமல் இராயப்பன் வீட்டுப் பையனுக்கு நான் சம்பந்தம் பேசிய அன்று, நீ பெட்டியோடு வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது பூக்குற அன்னைக்கு எழுதுங்கப்பா, வர்றேன். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க." மூன்று வருஷமாகக் கூப்பிடவில்லை, தினமும் அந்தச் செடியின் முகத்தில்தான் விழித்தேன். கடைசியில் பூக்க வந்ததை நானே வெட்டிவிட்டேன். உன் விஷயத்திலும் இந்த அவசரம்தான், தப்பு என்னுடையது. அந்தப் பையனுக்கும் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிட்டது, இனி அந்தப் பேச்சே இல்லை.

அம்மா அந்தக் குச்சியைத் தண்ணீர்த் தம்ளரில் போட்டு மாதா படத்தின் முன்னால் வைத்தாள். ஐந்து நாளாக வேலை விட்டதும் ஓடி வந்து பார்க்கிறேன். மூன்று மொட்டு வாடி விழுந்துவிட்டது. இன்று காலை நாலாவது விரிந்திருக்கிறது, ஊதா நிறம், நடுவில் மஞ்சள். செடியில் இல்லாமல் தம்ளரில் பூத்தது கணக்கில் சேருமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. மாதா உனக்குத் துணை இருப்பாள். எந்த ரயில் என்று ஒரு வரி எழுதினால் போதும், தலவாக்கலை ஸ்டேஷனில் கம்பளியோடு நிற்பேன். பூ பத்து நாள் நிற்கும் என்கிறான் மூக்கன். இன்றோடு ஒரு நாள் போகிறது.

உன் அப்பா
சூசைரட்ணம்