தண்டர்ஹெட்டின் உறுமல்

அன்புள்ள அம்மாவுக்கு,

அங்கே ஃபிளின்ட்டில் பனி கொட்டுகிறதாமே, மூட்டுவலி எப்படி இருக்கிறது? டென்னசியில் நான் சுகம்.

தம்பி ரஸ் ஓட்டிச் செத்தானே, அந்தத் தண்டர்ஹெட் காரின் பெயரை எங்கள் தொழிற்சாலை புது மின்சாரக் காருக்கு வைத்துவிட்டது. இதற்கு இன்ஜின் சத்தமே கிடையாது. பழைய காரின் உறுமலைப் பதிவுசெய்து ஸ்பீக்கரில் விடுகிறார்கள். அதைப் பொருத்துவது நான்தான். நேற்று முதல்முறை அது உறுமியதும் கை நழுவித் தகட்டில் பட்டு லேசாகக் கிழிந்தது. மருந்து போட்டாயிற்று.

"என்ன வெர்னா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற? வெறும் ஸ்பீக்கர்தான்!" என்று மேற்பார்வையாளர் லானி சிரித்தார்.

புது மாடல் வந்தால் அதன் முதல் காரின் உள்தகட்டில் ஆளுக்கொரு பெயர் எழுதுவோம். நான் ரஸ் என்று எழுதினேன். மேல்மூடி போட்டு மறைத்துவிட்டார்கள்.

அவனுடைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள், இங்கேயும் குளிர்தான்.

ஷிஃப்ட் மணி அடிக்கிறது. ஒன்று மட்டும், அம்மா: இனித் தெருவில் அந்த உறுமல் கேட்டால் கதவைத் திறக்க ஓடாதீர்கள்.

மகள்,
வெர்னா